யாரை இறக்குவது?

2024 ஜனவரி 8 இரவு, ஹூஸ்டன் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்தி, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய சாம்பியன் ஆனது. அந்த சீசனில் ஆடிய 15 ஆட்டங்களிலும் வெற்றி. ஆறே நாளில் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி, கல்லூரியை விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறேன் என்று அறிவித்தார். இன்னும் பத்து நாள் போனது. பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணிக்குப் பெட்டி கட்டினார். கொண்டாட்டம் முழுசாக அடங்குவதற்குள் மிச்சிகன் ரசிகர்களின் வாயில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. யாரை இறக்குவது? அடுத்த இரண்டு வருடம் அந்தக் கேள்வி அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். பக்கத்துக்கு 11 பேர். இரு முனையும் கூரான பந்து. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்கு. ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் பந்து போவதில்தான் தொடங்குகிறது. அதை ஓடுகிறவரிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடும் தோழனுக்கு எறியலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். யோசிக்க இரண்டு மூன்று விநாடி. அதற்குள் 130 கிலோ ஆட்கள் பாய்ந்து வருவார்கள். அவர்களை மறிக்க வேண்டியவர் மறிக்காவிட்டாலும், பிடிக்க வேண்டியவர் கோட்டை விட்டாலும், பயிற்சியாளர் தப்பான வியூகம் கொடுத்தாலும், தொலைக்காட்சி காட்டுவது குவார்ட்டர்பேக்கின் முகத்தைத்தான். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்பில்லை என்றால் வசவு வாங்குவது பரிமாறுகிற பையன்தானே. கோட்டை அடுப்பருகே நிற்கும் சமையல்காரரை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

இந்த விவாதம் நடக்கும் ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆன் ஆர்பரின் ஜனத்தொகை சுமார் 1.2 லட்சம். அங்குள்ள மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1927-இல் கட்டியது, ஊர்க்காரர்களுக்கு அது ‘பெரிய வீடு’. சனிக்கிழமை ஆட்டமென்றால் எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் மைதானமே கார் நிறுத்துமிடமாகிவிடும். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டுக்கொண்டே பேச ஆரம்பிப்பார்கள். டெட்ராய்ட் வானொலிகளில் திங்கட்கிழமை முழுக்க அதே பேச்சின் தொடர்ச்சி. பேராசிரியர், பிளம்பர், கார்த் தொழிற்சாலை சூப்பர்வைசர் எல்லோருக்கும் இதில் சம உரிமை உண்டு. இரண்டாவது குவார்ட்டர்பேக்தான் எப்போதும் ஊரின் செல்லப்பிள்ளை என்று அந்த நாட்டில் ஒரு சொல்வழக்கு இருக்கிறது. அவன் இன்னும் ஆடவில்லை, அதனால் இன்னும் தப்பு செய்யவில்லை.

ஹார்பாவுக்குப் பிறகு வந்தவர் ஷெரோன் மூர். 2023-இல் ஹார்பா தடையில் இருந்தபோது அணியைப் பொறுப்பேற்று நடத்தி, பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட்டையும் வென்று காட்டியவர். ரசிகர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. 2024 கோடையில் விவாதமெல்லாம் இரண்டு பெயர்களைச் சுற்றியே நடந்தது. ஒருவர் அலெக்ஸ் ஓர்ஜி. நல்ல உடற்கட்டு, ஓடினால் பிடிப்பது கஷ்டம். எறிவது எப்படி என்று யாரும் சரியாகப் பார்த்ததில்லை. இன்னொருவர் டேவிஸ் வாரன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து மீண்டவர். எந்தப் பெரிய கல்லூரியும் உதவித்தொகை கொடுத்து அழைக்காததால், தானாக வந்து மிச்சிகன் அணியில் சேர்ந்தவர். ரசிகர்கள் கைக் கட்சி, கால் கட்சி என்று பிரிந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. வாரன் எறிவார் என்றது கைக் கட்சி. இந்த அணிக்கு ஓட்டம்தான் பொருந்தும், ஓர்ஜியை விடுங்கள் என்றது கால் கட்சி.

இரண்டு கட்சியுமே தப்பான இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது என்பது என் கட்சி.

இப்போதெல்லாம் கல்லூரி வீரர்கள் வருடா வருடம் அணி மாறலாம். அதற்கென்று ஒரு காலக்கெடு உண்டு. அந்தக் குளிர்காலத்தில் அது 2023 டிசம்பர் 4 முதல் 2024 ஜனவரி 2 வரை. அதன் கடைசி நாளுக்கு முந்தைய நாள்தான் மிச்சிகன் ரோஸ் பௌல் அரையிறுதியில் அலபாமாவோடு கூடுதல் நேரம் வரை மல்லுக்கட்டி 27-20 என்று ஜெயித்தது. அணியில் மெக்கார்த்தி இருக்கிறார். போவாரா இருப்பாரா என்று அவர் வாய் திறக்கவில்லை. ஹார்பா போவாரா என்பது அதைவிடப் பெரிய புதிர். இந்த நிலையில் எந்த நல்ல குவார்ட்டர்பேக் அந்த வாசலைத் தட்டுவான்? கடையில் சரக்கு இருந்தது. டில்லன் கேப்ரியல் ஒக்லஹோமாவிலிருந்து ஒரிகனுக்குப் போனார். கர்ட்டிஸ் ரூர்க் இண்டியானாவுக்குப் போனார். கான்சஸ் ஸ்டேட்டின் வில் ஹவர்ட், சரியாக ஒஹாயோ ஸ்டேட்டுக்கே போய்ச் சேர்ந்தார். இந்த மூன்று அணிகளும் 2024-இல் மிச்சிகனின் ஆட்டப் பட்டியலில் இருந்தவை. கோப்பைக்காகக் கடைசி நாள் வரை ஆடியதால், மறுவருடத்துக்கான ஆள்பிடிப்பை மிச்சிகன் தவறவிட்டது.

அதை மன்னிக்கலாம். ஏப்ரலில் இன்னொரு இடமாற்றக் காலம் வந்தது. அப்போதும் மூர் குவார்ட்டர்பேக் யாரையும் எடுக்கவில்லை. இருப்பவர்களை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். மன்னிக்க முடியாதது இதுதான். அதற்கான தண்டனையை 20 வயதுச் சொச்சப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் லட்சம் பேர் முன்னால் அனுபவித்தார்கள்.

முதல் ஆட்டத்தில் வாரனே இறங்கினார். ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கு எதிராக 30-10 வெற்றி. ஆனால் வெற்றியைப் பார்த்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அடுத்த வாரம் டெக்சஸ் வந்து 31-12 என்று அடித்துவிட்டுப் போனது. சொந்த மண்ணில் 23 ஆட்டமாகத் தோற்காதிருந்த பெருமை அத்தோடு போயிற்று. மூன்றாம் வாரம் ஆர்க்கன்சா ஸ்டேட். எளிய எதிராளி. அதிலும் வாரன் மூன்று முறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். அவரை உட்காரவைத்துவிட்டு ஓர்ஜியை இறக்கினார்கள். கால் கட்சிக்குத் திருவிழா.

திருவிழா நீடித்ததும் விசித்திரமாகத்தான். செப்டம்பர் 21, எதிரே யு.எஸ்.சி. எனும் தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். அந்த ஆட்டம் முழுவதிலும் ஓர்ஜி எறிந்து சேர்த்தது 32 யார்டு. நல்ல குவார்ட்டர்பேக் ஒரே எறியில் எடுப்பதை அறுபது நிமிடத்தில் எடுத்தார். ஆனால் மிச்சிகன் 27-24 என்று ஜெயித்தது. கேலல் மல்லிங்ஸ் என்ற ஓட்டக்காரர் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் 63 யார்டு பிய்த்துக்கொண்டு ஓடினார். 37 விநாடி மீதமிருக்க, நான்காவது முயற்சியில் அவரே முட்டி மோதி கோல் கோட்டுக்கு உள்ளே விழுந்தார். அன்று அரங்கிலிருந்து வெளியே வந்த ரசிகர்கள் ஆனந்தப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். எறியவே தெரியாத அணியோடு ஆடும்போது எதிரணி ஓட்டத்தைத் தடுக்க ஆட்களை முன்னால் குவித்துவிடும். அது எத்தனை வாரத்தில் நடக்கும் என்பதுதான் அப்போதைய பந்தயம்.

இரண்டே வாரத்தில் நடந்தது. மினசோட்டாவிடம் 27-24 என்று தப்பிப் பிழைத்து, வாஷிங்டனுக்குப் போன இடத்தில் ஓர்ஜியும் உட்காரவைக்கப்பட்டார். வந்தவர் ஜாக் டட்டில், ஏழாம் வருடக் கல்லூரி வீரர். கொஞ்ச நேரம் வெளிச்சம் தெரிந்தது, முன்னிலைகூடக் கிடைத்தது. முடிவில் 27-17 தோல்வி. அடுத்து இல்லினாய். அந்த அரங்கை 1924-இல் அர்ப்பணித்தபோது ரெட் கிரேஞ்ச் என்ற மாணவர் முதல் 12 நிமிடத்தில் நான்கு டச் டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு உள்ளே கொண்டுசேர்ப்பது) எடுத்து இதே மிச்சிகனைப் புரட்டியெடுத்தார். அதன் நூற்றாண்டு விழாவுக்கு மிச்சிகனையே விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். 21-7. விழா நல்லபடி நடந்தது, விருந்தாளிக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாளில் டட்டில், தலையில் பட்ட அடிகளின் காரணமாக ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். அந்த வாரம் வரை அவரைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள்.

சுற்றிச் சுற்றி மறுபடி வாரன். அக்டோபர் 26 அன்று மிச்சிகன் ஸ்டேட்டை 24-17 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு டச் டவுன் எறிந்தவர் டானவன் எட்வர்ட்ஸ்; அவர் குவார்ட்டர்பேக்கே இல்லை, ஓட்டக்காரர். இதுவும் விவாதத்துக்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஒரிகனிடம் 38-17, இண்டியானாவிடம் 20-15 என்று தோல்விகள். கேப்ரியலும் ரூர்க்கும் தத்தம் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் 25 வருடம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. 1999-இல் இதே ஆன் ஆர்பரில் இதே சண்டை நடந்தது. ஒரு பக்கம் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த, மெதுவாக ஓடுகிற, பார்க்கச் சாதாரணமான ஐந்தாம் வருட மாணவர். மறுபக்கம் பக்கத்து பிரைட்டன் ஊர்ப் பையன் ட்ரூ ஹென்சன், பேஸ்பாலிலும் புலி. ஊர்ப் பையனுக்குத்தான் கைதட்டல் அதிகம். பயிற்சியாளர் லாய்ட் கார் அந்த சீசனின் தொடக்கத்தில் முதல் கால் பகுதிக்கு ஒருவர், இரண்டாவதற்கு இன்னொருவர் என்று பங்கு போட்டு, இடைவேளையில் முடிவெடுப்பதாக ஓர் ஏற்பாடு செய்தார். கடைசியில் கலிஃபோர்னியாக்காரரே நிலைத்தார். 2000 ஜனவரி 1 அன்று ஆரஞ்சு பௌலில் அலபாமாவுக்கு எதிராக 369 யார்டு எறிந்து 35-34 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தார். அப்படியும் தொழில்முறை அணிகள் அவரை 199-வதாகத்தான் தேர்ந்தெடுத்தன. அவர் டாம் பிரேடி. பின்னால் ஏழு சூப்பர் பௌல் வென்றார். மிச்சிகன் ரசிகர்கள் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். தங்கள் அரங்கில் பலர் அன்று ஹென்சனுக்காகத்தான் குரல் கொடுத்தார்கள் என்ற பகுதி வரும்போது வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

மறுபடி 2024-க்கு வருவோம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட். பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். 1835-இல் டொலீடோ நகரம் யாருக்கு என்று படை திரட்டி நின்ற வரலாறுகூட உண்டு. நாட்டில் இரண்டாம் இடத்திலிருந்த ஒஹாயோ, சொந்த ஊரான கொலம்பஸில், சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. மிச்சிகனின் சிறந்த தற்காப்பு வீரர் வில் ஜான்சனும், பந்து பிடிப்பதில் முதல் ஆளான கோல்ஸ்டன் லவ்லேண்டும் காயத்தால் வரவில்லை. வாரன் அன்று எறிந்தது மொத்தம் 62 யார்டு. இரண்டு முறை பந்து எதிரணிக்குப் போனது. அதில் ஒன்று கடைசிக் கால் பகுதியில், கோல் கோட்டுக்கு எட்டும் தூரத்தில், ஜாக் சாயர் பறித்துக்கொண்டது. அதோடு டி.வி.யை அணைத்தவர்கள் இருப்பார்கள். ஆனால் தற்காப்பு விட்டுக்கொடுக்கவில்லை. வில் ஹவர்டும் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தார். கடைசி ஓட்டத்தில் மல்லிங்ஸ் 27 யார்டு இழுத்துக்கொண்டு போனார். 45 விநாடி மீதமிருக்க டொமினிக் ஸ்வாடா உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 13-10.

ஒஹாயோ மைதானத்தின் நடுவே மிச்சிகன் வீரர்கள் கொடி நடப் போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகுத்தூள் தெளித்ததெல்லாம் தனிக் கதை. அதே ஒஹாயோ ஸ்டேட் பிறகு எல்லோரையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது என்பது இன்னும் தனிக் கதை. நம் கதைக்குத் தேவையானது இவ்வளவுதான்: சீசன் முழுக்க ஊரே திட்டித் தீர்த்த குவார்ட்டர்பேக், திட்டுவதற்கான எல்லாக் காரணத்தையும் அன்றும் ஒருமுறை செய்து காட்டிவிட்டு, மிச்சிகன் வரலாற்றின் மறக்கமுடியாத வெற்றிகளில் ஒன்றின் குவார்ட்டர்பேக்காக வெளியே வந்தார். டிசம்பர் 31 அன்று டாம்பாவில் அலபாமாவை 19-13 என்று வென்ற ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. மிச்சத்தை ஓர்ஜி ஆடி முடித்தார். எட்டு வெற்றி, ஐந்து தோல்வி. தாக்குதலுக்குப் பொறுப்பான கர்க் கேம்பெல் அதற்கு முன்பே, டிசம்பர் தொடக்கத்தில், வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

இதற்கிடையில் பணம் பேச ஆரம்பித்திருந்தது. நவம்பர் 21 அன்று பிரைஸ் அண்டர்வுட், தான் வாக்குக் கொடுத்திருந்த லூசியானா ஸ்டேட்டை விட்டு மிச்சிகனுக்கு வருவதாக அறிவித்தார். நாட்டிலேயே அந்த வருடத்தின் முதல் நிலைப் பள்ளி வீரர், ஊர் பெல்வில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் கேன்டனுக்குத் தெற்கே பக்கத்தில் இருப்பது. மைதானத்துக்குக் காரில் அரை மணிகூட ஆகாது. ஒப்பந்தத் தொகை ஒரு கோடி டாலரைத் தாண்டும் என்று செய்திகள் வந்தன. ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசனின் பெயரும் அதில் அடிபட்டது.

2021 ஜூலைக்கு முன் கல்லூரி வீரர் தன் பெயரை வைத்து ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம்; முதல் வருடத்துக்கான உச்சவரம்பு 2.05 கோடி டாலர். வீரர்களுக்கு இது என்றோ கிடைத்திருக்க வேண்டிய நியாயம். ஆனால் ரசிகனின் குரல் இதில் மாறிவிட்டது. வாரனைத் திட்டும்போது, பாவம், படிக்கிற பையன் என்று பக்கத்தில் யாராவது அடக்குவார்கள். கோடி வாங்குகிறவனைத் திட்ட யாருக்கும் கூச்சமில்லை. கூலி கொடுத்த முதலாளி போலப் பேசுகிறார்கள். கொடுத்தவர் எலிசனா, இன்னொருவரா, தெரியாது. நிச்சயம் இவர்கள் இல்லை.

2025 ஆகஸ்ட் 30 அன்று நியூ மெக்சிகோவுக்கு எதிராக அண்டர்வுட் களமிறங்கியபோது அவருக்கு 18 முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 251 யார்டு, 34-17 வெற்றி. ஒரு வாரம் சொர்க்கம். அடுத்த சனிக்கிழமை ஒக்லஹோமாவில் 24 எறிதலில் 9 மட்டுமே சேர்ந்தன, 24-13 தோல்வி. கைக் கட்சி, கால் கட்சி இரண்டும் புது உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தன. சென்ட்ரல் மிச்சிகனை 63-3 என்று நசுக்கிய நாளில் நூறு யார்டுக்கு மேல் ஓடினாரே, அவரை ஏன் ஓடவிடுவதில்லை என்றது ஒன்று. ஓடவிட்டு அடிபட்டால் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றது மற்றது.

இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மூர் இந்தமுறை பாடம் படித்திருந்தார். முந்தைய வருடம் முதல் ஆட்டத்தில் தன்னிடம் தோற்ற ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் மைக்கி கீனையே மாற்றாளாகக் கொண்டுவந்தார். அவரோ காயத்தோடு வந்தார்; காயத்தோடே சீசன் முடிந்தது. வாரனின் முழங்கால் ஆறிக்கொண்டிருந்தது. ஓர்ஜி லாஸ் வேகஸ் கல்லூரி அணிக்குப் போய்விட்டார். ஆக, 18 வயதுப் பையனின் தோளில் அணி முழுக்க. அவர் எறிவதைப் பிடிக்கும் முதன்மை வீரர் ஆண்ட்ரூ மார்ஷும் முதல் வருட மாணவரே.

அண்டர்வுட் சுமாராக ஆடினார் என்பதுதான் உண்மை, மோசமாக அல்ல. நெப்ராஸ்காவில் 30-27, நார்த்வெஸ்டர்னிடம் 24-22 என்று வழுக்கி வழுக்கி ஒன்பது வெற்றி வந்தது. யு.எஸ்.சி. 31-13 என்று வாட்டியது. நவம்பர் 29 அன்று ஒஹாயோ ஸ்டேட் ஆன் ஆர்பருக்கு வந்து 27-9 என்று நான்கு வருட அவமானத்தைக் கழுவிக்கொண்டது. அன்று அண்டர்வுட் எறிந்தது 63 யார்டு. போன வருடம் வாரன் எறிந்ததைவிட ஒரே ஒரு யார்டு அதிகம். அப்போது அது காவியம், இப்போது அது தோல்வி. எதிர்ப்பக்கம் மூன்று டச் டவுன் எறிந்தவர் ஜூலியன் சாயின். அலபாமாவில் சேர்ந்த சூட்டோடு, 2024 ஜனவரி 10 அன்று பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றதும் ஒஹாயோவுக்கு மாறியவர். மிச்சிகன் கோப்பையோடு ஊர்வலம் போன அதே மாதத்தில், ஒஹாயோ அடுத்த வருடத்துக்கு ஒருவரையும் அதற்கடுத்த வருடத்துக்கு ஒருவரையும் வாசலில் பிடித்து வைத்துவிட்டது. ஒஹாயோ பயிற்சியாளர் ரையன் டேயை அந்த ஊர் ரசிகர்கள் எத்தனை திட்டினாலும், இந்த வேலையில் அவரைக் குறை சொல்ல இடமில்லை.

டிசம்பர் 10 அன்று மூரைப் பல்கலைக்கழகம் நீக்கியது. காரணம் ஆட்டமல்ல, ஊழியர் ஒருவருடன் முறையற்ற உறவு இருந்தது விசாரணையில் தெரிந்ததாக அறிவித்தார்கள். டிசம்பர் 26 அன்று கைல் விட்டிங்ஹாம் நியமிக்கப்பட்டார். அப்போது வயது 66, யூட்டா அணியில் 21 சீசன் தலைமைப் பயிற்சியாளர். கால் கட்சிக்கு இவர் பெயரே இனிக்கிறது. 2025-இல் யூட்டாவின் குவார்ட்டர்பேக் நன்றாக ஓடக்கூடியவர். அந்த நியமனத்துக்கு ஐந்து நாள் கழித்து ஃப்ளோரிடாவில் மிச்சிகன் டெக்சஸிடம் 41-27 என்று தோற்றதோடு சீசனுக்கு மூடுவிழா நடந்தது.

2026 எப்படி இருக்கும்? செப்டம்பரில் ஒக்லஹோமா ஆன் ஆர்பருக்கு வருகிறது. அண்டர்வுட் வளர்ந்திருக்கிறாரா என்பது அன்று தெரியும். இரண்டாம் வருடத்தில் குவார்ட்டர்பேக்குகள் நிதானமடைவது வழக்கம். ஆனால் புதுப் பயிற்சியாளர், புது வியூகம் என்று அவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும். 2025 சீசன் முடிந்தபோது அவருக்குத் தேவைப்பட்டது தூரத்தில் ஓடிப் பிடிக்கும் அனுபவசாலி ஒருவர், பக்கத்தில் காயமில்லாத மாற்று குவார்ட்டர்பேக் ஒருவர். மூருக்கு 2024-இல் ஏப்ரல் என்று இரண்டாவது வாய்ப்பு ஒன்று இருந்தது, அதை அவர் வீணாக்கினார். விட்டிங்ஹாமுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஏப்ரல் இடமாற்றக் காலத்தையே ரத்து செய்துவிட்டார்கள். வேறு கல்லூரி வீரர்கள் இடமாற்றத்துக்குப் பெயர் கொடுக்க இருந்தது 2026 ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும்தான்.